பியானோவுக்குப் போன தங்கம்

1947-ஆம் ஆண்டு லண்டனில் எச்.எம்.வி. நிறுவனத்துக்காக ஓர் ஒலிப்பதிவு நடந்தது. பியானோவின் முன் உட்கார்ந்தவர் நிக்கலாய் மெட்னர். ரஷ்யர், 67 வயது, இதய நோயாளி. கூட வாசித்தது ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ரா. தான் எழுதிய மூன்று பியானோ கான்செர்ட்டோக்களையும் தானே வாசித்து அந்த ஆண்டுக்குள் பதிவு செய்து முடித்தார் மெட்னர். இரண்டாவதற்கும் மூன்றாவதற்கும் இஸ்ஸாய் டோப்ரோவென் ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். முதலாவதற்கு ஜார்ஜ் வெல்டன். செலவை ஏற்றுக்கொண்டவர் இங்கிலாந்துப் பிரபுவும் அல்ல, அமெரிக்கக் கோடீஸ்வரரும் அல்ல. மைசூர் மகாராஜா ஜெயசாமராஜேந்திர உடையார்.

மேல்நாட்டு இசை ரசிகர்களுக்கு இது தெரிந்த கதை. மைசூர்க்காரர்களும் பெருமையோடு சொல்வார்கள். ஆனால் யார் சொன்னாலும் ஓர் ஊரின் பெயர் மட்டும் இந்தக் கதையில் வருவதில்லை. மைசூர் அரசின் கஜானாவுக்கு அறுபது ஆண்டுகளுக்கு மேல் தங்கத்தால் வருமானம் தேடித் தந்த ஊர். கோலார் தங்கவயல்.

கான்செர்ட்டோ என்பது ஒரு தனி வாத்தியமும் ஆர்கெஸ்ட்ராவும் சேர்ந்து வாசிக்கும் நீண்ட இசை வடிவம். நம் கச்சேரியில் பக்கவாத்தியம் பாடகரை அனுசரித்துப் போவதைப் போல இங்கே ஆர்கெஸ்ட்ரா அடங்கிப் போவதில்லை. பியானோ ஒன்றைச் சொல்லும். ஐம்பது, அறுபது வாத்தியங்கள் அதை ஒப்புக்கொள்ளும், மறுக்கும், சில இடங்களில் மூழ்கடித்தும் விடும். பெரும்பாலும் மூன்று பகுதிகள். மொஸார்ட், பேத்தோவன் காலத்திலிருந்து ஐரோப்பியக் கச்சேரிகளில் கூட்டம் சேர்ப்பது இந்த வடிவம்தான்.

இதற்குச் செலவு அதிகம். ஒரு தம்புரா, ஒரு வயலின், ஒரு மிருதங்கம் இருந்தால் நம் கச்சேரி நடந்துவிடும். கான்செர்ட்டோவுக்கு ஒரு சிறு கிராமத்தையே சம்பளம் கொடுத்து உட்கார வைக்க வேண்டும். ஒத்திகைக்குக் கூலி, அரங்குக்கு வாடகை, நடத்துபவருக்குத் தனியாக. டிக்கெட் விற்று மட்டும் இதைச் சமாளித்தவர்கள் குறைவு. எனவே மேல்நாட்டு இசையின் வரலாற்றில் பாதி, பணம் கொடுத்தவர்களின் வரலாறு. அரசர்கள், மாதா கோயில்கள், வங்கி முதலாளிகள், பிற்காலத்தில் அரசாங்கங்கள்.

மெட்னருக்கு அப்படி யாரும் இல்லை. 1880-ல் மாஸ்கோவில் பிறந்தவர். ரக்மானினவின் நண்பர், அந்த மேதை தன் நான்காவது பியானோ கான்செர்ட்டோவை மெட்னருக்குச் சமர்ப்பித்தார், மெட்னர் தன் இரண்டாவதை அவருக்குச் சமர்ப்பித்தார். புரட்சிக்குப் பிறகு, 1921-ல், மெட்னர் ரஷ்யாவை விட்டு வெளியேறினார். ஜெர்மனி, பிரான்ஸ் என்று அலைந்து 1935-ல் லண்டனில் குடியேறினார். புதுமை என்ற பெயரில் நடந்தவற்றை அவர் ஏற்கவில்லை. புதுமைக்காரர்கள் அவரைப் பழைய பஞ்சாங்கம் என்று ஒதுக்கினார்கள். யுத்தம் வந்தது. பிழைப்புக்கு வழியாக இருந்த மாணவர்கள் சிதறினார்கள். 1942-ல் மாரடைப்பு. அந்த நிலையில் 1943-ல் மூன்றாவது கான்செர்ட்டோவை எழுதி முடித்து, 1944 பிப்ரவரியில் லண்டன் ராயல் ஆல்பர்ட் அரங்கில் தானே வாசித்தார். லெர்மன்தவ் எழுதிய ஒரு கவிதையிலிருந்து பிறந்த இசை அது. ஆற்றின் அடியில் உறங்கும் வீரனைப் பார்த்து நீர்மகள் பாடுவதாக அமைந்த கவிதை.

இவருடைய இசை மைசூரில் ஒருவரை உருக்கியது. 1919-ல் பிறந்த ஜெயசாமராஜேந்திர உடையாருக்கு இளமையில் ராஜாவாகும் எண்ணத்தைவிட, மேடை ஏறிப் பியானோ வாசிக்கும் ஆசைதான் அதிகமாக இருந்தது. 1940-ல் சில மாத இடைவெளியில் தந்தையும் பெரியப்பா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரும் காலமானார்கள். 21 வயதில் சிம்மாசனம் வந்து சேர்ந்தது. பியானோ ஆசை அரண்மனைக்குள் அடங்கியது. ஆனால் வாசிக்க முடியாததைக் கேட்டுத் தீர்த்துக்கொண்டார். அவரிடம் இருந்த இசைத்தட்டுகள் சுமார் 20,000 என்று ஒரு கணக்கு உண்டு. கர்நாடக இசையிலும் சளைத்தவர் அல்ல. ஸ்ரீவித்யா உபாசகரான அவர் இயற்றிய கீர்த்தனைகள் 94. பிற்காலத்தில், 1964 முதல் 1966 வரை, சென்னை ராஜ்பவனில் ஆளுநராக இருந்ததும் இவரேதான்.

ஃபில்ஹார்மோனியா ஆர்கெஸ்ட்ராவை 1945-ல் தொடங்கியவர் வால்ட்டர் லெக். எச்.எம்.வி.யின் ஒலிப்பதிவுகளுக்குப் பின்னால் இருந்த மூளை. அவர் மைசூருக்கே வந்து தங்கி மகாராஜாவோடு பேசினார். மெட்னரின் கான்செர்ட்டோக்கள், பாடல்கள், இன்னும் சில படைப்புகளின் ஒலிப்பதிவுச் செலவை மகாராஜா ஏற்பது என்று முடிவாயிற்று. அதற்கு மேல் ஆர்கெஸ்ட்ரா காலூன்றுவதற்காக ஆண்டுக்கு 10,000 பவுன் வீதம் மூன்று ஆண்டுகளுக்கு உதவித்தொகை. அன்றைய மாற்று விகிதத்தில் 10,000 பவுன் என்பது சுமார் 1,33,000 ரூபாய். ஃபில்ஹார்மோனியா கச்சேரிச் சங்கத்தின் முதல் தலைவரும் மகாராஜாதான்.

பணம் வீண்போகவில்லை. மெட்னர் தன் மூன்றாவது கான்செர்ட்டோவை மைசூர் மகாராஜாவுக்குச் சமர்ப்பித்தார். 1951-ல் அவர் இறந்தபோது அவருடைய கை வாசித்த விதம் உலகத்துக்கு மிஞ்சியிருந்தது. அந்தப் பதிவுகள் பின்னாளில் குறுந்தகடுகளாகவும் வந்தன. ரிச்சர்ட் ஸ்ட்ராஸின் கடைசி நான்கு பாடல்கள் 1950 மே 22 அன்று ஆல்பர்ட் அரங்கில் முதன்முதலாக அரங்கேறியபோதும் பின்னணியில் மைசூர்ப் பணம் இருந்தது. பாடியவர் கிர்ஸ்டன் ஃபிளாக்ஸ்டாட், நடத்தியவர் ஃபுர்ட்வெங்லர். மகாராஜாவால் போக முடியவில்லை. ஒலிப்பதிவு மைசூருக்கு அனுப்பப்பட்டது.

தமிழில் இப்படிப்பட்ட கதைகளுக்குப் பஞ்சமில்லை. பாணனும் பொருநனும் யாழைச் சுமந்துகொண்டு வள்ளலைத் தேடிப் போனதைப் பாட ஆற்றுப்படை என்று ஓர் இலக்கிய வகையே உண்டு. பசித்து வந்தவனுக்குச் சோறும் துணியும் பொன்னும் கிடைத்தன. கொடுத்தவனின் பெயர் இரண்டாயிரம் ஆண்டுகளாக நிற்கிறது. நாடு கடந்து வந்த மெட்னர் நவீன காலத்துப் பொருநர் என்றால், மைசூர் மன்னர் நவீன காலத்து வள்ளல். ஆற்றுப்படைகளில் வள்ளலின் நாட்டு வளம் விரிவாக வரும். வயல் விளையும், கரும்பு ஓங்கும். விளைவித்தவனின் பெயர் வராது.

இங்கே விளைந்த வயல், தங்கவயல்.

1875-ல் ஓய்வுபெற்ற அயர்லாந்துச் சிப்பாய் மைக்கேல் லாவல் கோலார் பகுதியில் தங்கம் தேட மைசூர் அரசிடம் உரிமை வாங்கினார். 1880-ல் ஜான் டெய்லர் அண்ட் சன்ஸ் கம்பெனி உள்ளே வந்தது. சில ஆண்டுகளில் சாம்பியன் ரீஃப் என்ற பெரும் தங்க ரேகை பிடிபட்டது. பிறகு மைசூர், உரிகம், நந்திதுர்க்கம், சாம்பியன் ரீஃப் என்று வரிசையாகச் சுரங்கங்கள். லாபம் லண்டனில் இருந்த பங்குதாரர்களுக்கு. ராயல்டி மைசூர் அரசுக்கு. 1902-ல் காவிரியின் சிவசமுத்திரம் அருவியில் மின்சாரம் எடுத்து, 147 கிலோமீட்டர் தூரம் கம்பி இழுத்து, சுரங்கங்களுக்குக் கொடுத்தார்கள். பெங்களூர் வீதிகளில் மின்விளக்கு எரிந்தது அதற்கு மூன்று ஆண்டுகள் கழித்துத்தான். மின்சாரத்துக்கும் கம்பெனிகள் மைசூர் அரசுக்குக் கட்டணம் செலுத்தின. கிருஷ்ணராஜசாகர் அணைக்குத் திட்டம் போட்டபோது விசுவேசுவரய்யா எடுத்து வைத்த காரணங்களில் ஒன்று, தங்கவயலுக்குத் தடையில்லாமல் மின்சாரம் தர வேண்டும் என்பது. காவிரித் தகராறு பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் நினைவுபடுத்திக்கொள்ளாத தகவல் இது.

பாறையை உடைத்தவர்கள் பெரும்பாலும் தமிழர்கள். வட ஆற்காடு, சேலம், தர்மபுரிப் பக்கங்களிலிருந்து வந்தவர்கள். அவர்களிலும் பெரும்பான்மையினர் தாழ்த்தப்பட்டவர்கள். ஊரில் பண்ணையாரிடம் கிடைக்காத ரொக்கக் கூலி இங்கே கிடைத்தது. அதற்காகப் பூமிக்குள் இறங்கினார்கள். வெள்ளைக்கார அதிகாரிகளுக்குப் பங்களா, கிளப், கோல்ஃப் மைதானம். 'குட்டி இங்கிலாந்து' என்று பெயர். தொழிலாளர்களுக்கு மூங்கில் தட்டிக் குடிசைகள், பிறகு லைன் வீடுகள். வேலை முடிந்து மேலே வருபவர்களைச் சோதனை போட்டுத்தான் வெளியே விட்டார்கள். சுரங்கம் ஆழமாக ஆழமாக வெப்பம் ஏறியது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அழுத்தம் தாங்காமல் பாறையே வெடித்துச் சிதறும் விபத்துக்குத் தங்கவயலில் 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். அதில் தப்பியவர்களைக் கல்தூசி நுரையீரலுக்குள் புகுந்து மெல்லக் கொன்றது.

1930-ல் தொழிலாளர்கள் அனைவரும் கைரேகை பதிய வேண்டும் என்று நிர்வாகம் உத்தரவிட்டது. கைரேகை குற்றவாளிகளிடம் வாங்குவது என்று சொல்லித் தொழிலாளர்கள் சுரங்கத்தில் இறங்க மறுத்தார்கள். 1946-ல் மீண்டும் பெரிய வேலைநிறுத்தம். அந்த ஆண்டு நவம்பரில் போலீஸ் நடவடிக்கையில் தொழிலாளர்கள் உயிரிழந்தார்கள். அடுத்த ஆண்டு லண்டனில் மெட்னர் பியானோவின் முன் உட்கார்ந்தார்.

இந்த இரண்டு செய்திகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது நியாயமா என்று கேட்கலாம். மைசூர் கஜானாவுக்குத் தங்கம் மட்டும் வரவில்லை. நிலவரி வந்தது, கலால் வரி வந்தது, சந்தனமும் பட்டும் வந்தன. கஜானாவில் கலந்த பணத்துக்கு ஊர் பேர் கிடையாது. லண்டனுக்குப் போன இந்தப் பவுன் இன்ன பாறையிலிருந்து வந்தது என்று காட்ட எந்தக் கணக்கப்பிள்ளையாலும் முடியாது. சரிதான். ஆனால் மைசூர் 'முன்மாதிரி சமஸ்தானம்' என்று பெயர் வாங்கியதில், அதன் அணைகளிலும் ஆலைகளிலும் கல்லூரிகளிலும் தங்கவயலுக்குப் பங்கு உண்டு என்பதை யாரும் மறுப்பதில்லை. அணைக்குப் பங்கு உண்டென்றால் பியானோவுக்கும் உண்டு.

ஊரான் வீட்டு நெய்யே என்ற பழமொழியைச் சொல்லி மன்னரை மட்டம் தட்டினால் அது அநியாயம். அதே காலத்தில் மற்ற ராஜாக்கள் பலர் பணத்தைக் குதிரைப் பந்தயத்திலும் கார்களிலும் விட்டார்கள். இவர் உலகம் கைவிட்ட ஒரு கலைஞனைத் தூக்கி நிறுத்தினார். ரசனை இல்லாதவருக்கு மெட்னர் என்ற பெயரே தெரிந்திருக்காது. பத்திரிகைகள் புகழ்ந்தவரைப் பின்தொடராமல் தன் காதை நம்பியவர் அவர். மன்னராட்சி முடிந்தபின் அப்படி ஓர் ஆதரவு மைசூரிலிருந்து லண்டனுக்குப் போகவில்லை. போகவும் முடியாது, போக வேண்டியதும் இல்லை. பிரச்சினை மன்னர் என்ன செய்தார் என்பதில் இல்லை. கதையைச் சொல்லும்போது வரவை விட்டுவிட்டுச் செலவை மட்டும் எழுதுகிறோமே, அதில் இருக்கிறது.

தங்கவயல்காரர்கள் பிறர் வந்து எழுதட்டும் என்று காத்திருந்தவர்களும் அல்ல. அயோத்திதாசப் பண்டிதரின் பௌத்த இயக்கத்துக்கு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃபிலும் கிளைகள் இருந்தன. பண்டிதர் 1914-ல் மறைந்த பிறகு அவருடைய எழுத்துகளைப் புத்தகமாக அச்சிட்டுக் காப்பாற்றியதில் தங்கவயலின் சித்தார்த்தா புத்தகசாலைக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் நின்றுபோன 'தமிழன்' பத்திரிகையை 1926-ல் தங்கவயலிலிருந்து மீண்டும் நடத்தினார் ஜி. அப்பாதுரையார். மகாராஜா ஓர் இசைக் கலைஞனின் வாசிப்பைக் காப்பாற்றியதற்கு இருபது ஆண்டுகள் முன்பே, சுரங்கத்தை நம்பி வாழ்ந்த ஓர் ஊர் ஒரு சிந்தனையாளரின் சொல்லைக் காப்பாற்றிவிட்டது. அதைப் பெருமையாகச் சொல்ல ஆள் குறைவு.

சுரங்கங்கள் 1956-ல் மைசூர் அரசுக்கும், 1962-ல் மத்திய அரசுக்கும் கை மாறின. 1972-ல் பாரத் தங்கச் சுரங்கம் என்ற பொதுத்துறை நிறுவனம். தங்கம் குறைந்தது, எடுக்கும் செலவு ஏறியது. 2001 பிப்ரவரி 28 அன்று மூடினார்கள். ஏறத்தாழ 120 ஆண்டுகளில் எடுத்த தங்கம் சுமார் 800 டன். சங்கு ஊதுவது நின்றது. தண்ணீர் இறைக்கும் பம்புகள் நின்றன. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குத் தோண்டிய பள்ளங்களில் தண்ணீர் ஏறியது. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் இருந்தவர்கள் விடியுமுன் ரயிலேறிப் பெங்களூருக்கு வேலைக்குப் போகப் பழகினார்கள். மிச்சம் நிற்பவை சயனைடு மேடுகள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய மண், மூன்று கோடி டன்னுக்கு மேல். காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வரும். சினிமாக்காரர்கள் அங்கே படம் பிடிப்பார்கள். அந்த மேடுகளில் ஒட்டியிருக்கும் தங்கத்தையும் எடுத்துவிடும் மத்திய அரசின் திட்டத்துக்கு 2024 ஜூனில் கர்நாடக அமைச்சரவை ஒப்புதல் தந்தது. மண்ணைக்கூட இரண்டாவது முறை சலிக்க ஆள் வந்தாயிற்று.

மனிதர்களின் நினைவைச் சலிக்கத்தான் ஆள் வரவில்லை. 2018-ல் வந்த கன்னடப் படம் 'கே.ஜி.எஃப்.' என்ற மூன்றெழுத்தை நாடு முழுவதும் கொண்டுபோனது. அதில் இருந்தது வேறொரு கற்பனை ஊர். 2024-ல் வந்த ரஞ்சித்தின் 'தங்கலான்' தொடக்க கால உழைப்பாளிகளைத் திரைக்குக் கொண்டுவந்தது. நல்லதுதான். ஆனால் சினிமா என்பது சாட்சியம் அல்ல. கடைசித் தலைமுறையாகச் சுரங்கத்தில் இறங்கியவர்கள் இப்போது ஐம்பதைத் தாண்டிவிட்டார்கள். பலர் எழுபதை நெருங்குகிறார்கள். கல்தூசி தின்ற நுரையீரலோடு இருப்பவர்களுக்கு அவகாசம் இன்னும் குறைவு.

மெட்னர் கதையில் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. அவர் எழுதிய சுரங்கள் காகிதத்தில் ஏற்கெனவே இருந்தன. எவரும் எடுத்து வாசிக்கலாம். அப்படியிருந்தும், எழுதியவரே வாசித்து ஒரு பதிவு வேண்டும், அவர் போய்விட்டால் அது கிடைக்காது என்று மைசூரில் ஒருவருக்குத் தோன்றியது. காலத்தில் தோன்றியது, நான்கு ஆண்டுகள் தாமதித்திருந்தால் மெட்னர் இல்லை. தங்கவயலின் வரலாறும் காகிதத்தில் ஓரளவு இருக்கிறது. கம்பெனி அறிக்கைகள், அரசாங்கக் கணக்குகள், ஆராய்ச்சியாளர்களின் புத்தகங்கள். இறங்கியவரே தன் குரலில் சொன்னது குறைவு. கூண்டு இறங்கும்போது காது அடைக்குமா? ஏர் பிளாஸ்ட் வருமுன் பாறை என்ன சத்தம் போடும்? முதல் நாள் இறங்கியபோது வயது என்ன? மேலே சோதனை போட்டவன் எங்கெல்லாம் கை வைத்தான்? சங்கு தப்பான நேரத்தில் ஊதினால் லைன் வீடுகளில் பெண்கள் என்ன செய்தார்கள்?

1940-களில் ஒலிப்பதிவு என்றால் லண்டன் கூடம், மெழுகுத் தட்டு, பல ஆயிரம் பவுன். இன்று தங்கவயலில் எந்த வீட்டுப் பேரனிடமும் சட்டைப் பையிலேயே பதிவுக் கருவி இருக்கிறது. பெங்களூரிலும் சென்னையிலும் பல்கலைக்கழகத் தமிழ்த் துறைகள் இருக்கின்றன. தலைப்புக் கிடைக்காமல் அலையும் ஆராய்ச்சி மாணவர்களும் இருக்கிறார்கள். ஒரு கோடை விடுமுறையில் பத்துப் பேர் போய் உட்கார்ந்தால் நூறு குரல்களைக் கொண்டுவந்து விடலாம். செலவு, பெங்களூரிலிருந்து மாரிக்குப்பத்துக்கு ரயில் டிக்கெட்.